செம்புத் தகடும் நசிஞ்ச தேசிக்காயும்

டொக்டர் பரமலிங்கத்தின்ரை காருக்குப் பக்கத்திலை ஓட்டோவை நிப்பாட்டி இறங்கின உடனை நான் வழுக்கி விழுந்தன். துப்பறியிற தொழிலுக்கு வந்த பிறகு எனக்குப் பட்ட காயத்திலை முக்கால்வாசி நாய்க்கடி. தேசிக்காயாலை, அதுதான் எலுமிச்சங்காயாலை, விழுந்தது இதுதான் முதல் தரம்.

"எழும்பும், செந்தூரன்." மார்கிரட் அக்கா என்னைத் தூக்கேல்லை. குனிஞ்சு தேசிக்காயைத்தான் பாத்தா. "உதை ஆர் நசிச்சது?"

"நானில்லை. நான் வரேக்கையே அது செத்துப் போச்சு."

அக்கா குருநகர் ஆள். ஒரு காப்புறுதிக் கொம்பனியிலை கனகாலம் நட்டஈடு விசாரிச்சவ. எரிஞ்ச கடை, கடலிலை தாண்ட வள்ளம், தன்ரை பாட்டிலை விழுந்த மதில் எண்டு பாத்துப் பாத்து, மனிசர் சொல்லுறதை அப்பிடியே நம்புற பழக்கம் அவவுக்கு விட்டுப் போச்சு. இப்ப சொந்தமாய் ஒரு விசாரணை அலுவலகம் வைச்சிருக்கிறா. ஓட்டோ என்ரை எண்டபடியாலை உதவியாளர் பதவியும் என்ரை. வேறை தகுதி ஒருதரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.

நாங்கள் வந்தது வட்டுக்கோட்டைக்குக் கிட்ட இருக்கிற வலிகாமம் இலை ஆய்வு நிலையத்துக்கு. பணிப்பாளர் டொக்டர் பரமலிங்கம் எங்களைத் தன்ரை அறைக்குள்ளை கூப்பிட்டு இருத்தினார். ஏசி பழுது. நாங்கள் ரண்டு பேரும் வேர்த்து ஊத்துறம். மனிசன் முழுக்கைச் சேட்டை மணிக்கட்டு மட்டும் பூட்டிக்கொண்டு இருக்குது.

"ஒரு தகடு களவு போயிட்டுது," எண்டார். "எடுத்தது ஆர் எண்டும் எனக்குத் தெரியும். நீங்கள் விசாரிச்சு அதையே சொன்னால் போதும்."

"தெரிஞ்சால் பிறகேன் சேர் எங்களை இந்த வெய்யிலுக்கை கூப்பிட்டனீங்கள்?" நான்தான் கேட்டன்.

"பின்னேரம் கொழும்பிலையிருந்து ஒரு குழு வருது. அவையளுக்கு முன்னாலை நான் ஒரு பிள்ளையைக் கள்ளி எண்டு சொல்ல வேண்டி வரும். வெளியாள் விசாரிச்சது எண்டு இருந்தால் எனக்குப் பாதுகாப்பு. அதுக்குப் பிறகு பொலிசுக்குக் குடுக்கிறதாய் யோசினை."

அந்தப் பிள்ளை கீர்த்திகா. எங்கடை சண்டிலிப்பாய்ப் பிள்ளை, தகப்பன் புகையிலை செய்யிறவர். குழு பாக்க வாறதே அவ செய்த மெசினைத்தான். தகடு இல்லாட்டில் மெசின் ஓடாது. பின்னேரத்துக்குள்ளை தகடு வராட்டில் பிள்ளையின்ரை ஆராய்ச்சியும் போய், கள்ளி எண்ட பேரோடை வீட்டை போக வேணும். எங்கடை ஊரிலை அந்தப் பேர் ஒருக்கால் ஒட்டிச்செண்டால் கலியாண வீட்டிலையும் கழுவேலாது, செத்த வீட்டிலையும் கழுவேலாது. எனக்கு அந்த மனிசனைப் பிடிக்கேல்லை. முகத்திலை காட்டேல்லை, தொழில்.

"தகடு எப்பிடியிருக்கும், டொக்டர்?" அக்கா கேட்டா.

"உள்ளங்கையளவு. வெள்ளி நிறம். சீடி மாதிரி மினுங்கும்."

"கடைசியாய் எங்கை இருந்தது?"

"வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்திலை ஒரு கூட்டம். என்ரை காரிலைதான் நானும் கீர்த்திகாவும் கொண்டு போனனாங்கள். திரும்பி வந்து பெட்டியை அவதான் அலுமாரியிலை வைச்சுப் பூட்டினவ. திங்கட்கிழமை திறந்தால் வெறும் பெட்டி. திறப்பு அவவிட்டை மட்டும்தான் இருக்கு."

"காருக்குள்ளை பாத்தனீங்களோ?"

"சனிக்கிழமை காரை உள்ளும் புறமும் கழுவுவிச்சனான். அப்பிடி ஒரு தகடும் இல்லை."

கண் வெட்டாமல் சொன்னார். வெளியாலை வந்து நான் அக்காவிட்டைக் கேட்டன், மனிசன் பொய் சொல்லுறாரோ எண்டு.

"இல்லை. தகட்டைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லேல்லை."

"அப்ப எங்கடை பிள்ளைதான் பொய்."

"அவவும் பொய் சொல்லாட்டில்?"

"அப்பதான் எங்களுக்கு வேலை வரும்," எண்டன்.

கீர்த்திகா ஆய்வுகூடத்திலை ஒரு ஸ்டூலிலை இருந்தா. அழுது முடிஞ்சு முகம் கழுவின முகம். முன்னாலை அவவின்ரை மெசின். ஒரு பக்கம் அலையை அனுப்புற பெட்டி, மற்றப் பக்கம் வாங்கிற பெட்டி, நடுவிலை சாக்கிலை கட்டின சின்னப் புகையிலைச் சிப்பம் ஒண்டு. சிப்பத்துக்கு முன்னாலை தகடு பிடிக்கிற சட்டம் வெறுமனே நிக்குது.

"உது என்ன செய்யும், பிள்ளை? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ," எண்டா அக்கா.

"சிப்பத்தைப் பிரிக்காமல் உள்ளுக்கை ஈரம் இருக்கோ எண்டு பாக்கும், அன்ரி. டெராஹேட்ஸ் அலை எண்டு ஒண்டு இருக்கு. சாக்குக்குள்ளாலை போகும், காஞ்ச இலைக்குள்ளாலை போகும். தண்ணியைக் கண்டால் அதிலையே நிண்டிடும். ஈரச் சிப்பம் எண்டால் உள்ளுக்கை பூஞ்சணம் பிடிச்சிடும். அப்பாவுக்கு ஒரு போகம் முழுக்க அப்பிடிப் போனது. பிரிச்சுப் பாத்தபோதுதான் தெரிஞ்சது."

"தகடு எதுக்கு?"

"பெட்டி பல அலையைக் கலந்து அனுப்புது. எனக்கு அதிலை ஒண்டுதான் வேணும். முழு உலோகத் தகடு எண்டால் ஒரு அலையும் போகாது, சுவர்தான். ஆனால் அதிலை சின்னச் சின்ன வளையமாய் வெட்டினால், அந்த வளையத்தின்ரை அளவுக்குத் தோதான அலை மட்டும் போகும். மிச்சம் பட்டுத் திரும்பும். வளையத்தைக் கொஞ்சம் பெருப்பிச்சால் வேறை அலை போகும்."

"இடியப்ப உரல் மாதிரி," எண்டன் நான். "அச்சை மாத்தினால் முறுக்கு."

"கிட்டத்தட்ட, அண்ணை. ஆனால் இஞ்சை எல்லா மாவும் முதலே கலந்திருக்கு. அச்சு தனக்குரிய மாவைத் தானே தெரிஞ்செடுக்கும்."

வீட்டிலை இருக்கிற இடியப்ப உரலிலை எனக்கு மரியாதை குறைஞ்சு போச்சு.

"தகடு என்ன நிறம்?" அக்கா கேட்டா.

"செம்பு நிறம்."

அக்கா என்னைப் பாத்தா. நானும் ஏதோ விளங்கின ஆள் மாதிரித் தலையாட்டினன்.

"டொக்டர் வெள்ளி நிறம் எண்டாரே?"

"சேர் தகட்டைக் கையிலை எடுத்தே பாத்ததில்லை, அன்ரி. வரைபு மட்டும்தான் பாப்பார். கூட்டத்திலை காட்டின படம் அவர் இன்ரநெற்றிலை எடுத்தது. அது வெள்ளி நிறம்."

"வெள்ளிக்கிழமை காரிலை வரேக்கை தகடு பெட்டிக்குள்ளையோ?"

"இல்லை. பெட்டிக்குள்ளை ஒட்டியிருந்த பஞ்சு கழண்டு போச்சு. ரோட்டுக் கிடங்கிலை விழுந்து எழும்ப அடிபடும் எண்டு, துணியிலை சுத்தி மடியிலை வைச்சிருந்தனான். அம்மாவின்ரை கூறைச் சீலையிலை வெட்டின சிவத்தப் பட்டுத் துண்டு. பட்டு கீறாது. வந்து சேந்த பிறகு பெட்டிக்குள்ளை வைச்சனான்."

"வைச்சனீங்களோ, வைச்ச மாதிரி நினைவோ?"

பிள்ளை வெறும் சட்டத்தைத் தொட்டுப் பாத்தா. "ரண்டு நாளாய் நித்திரை இல்லாமல் வேலை செய்தனான், அன்ரி. காருக்குள்ளை நித்திரையாய்ப் போனன். சேர் எழுப்பினவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினன். எனக்கு இப்ப ஒண்டும் சத்தியம் பண்ணிச் சொல்லேலாது. ஆனால் சேரிட்டைக் கேட்டனான், காரைப் பாருங்கோ எண்டு. பாத்திட்டன், இல்லை எண்டிட்டார்."

"தகட்டிலை வேறை ஏதும் குறி இருக்கோ?"

"நாலு மூலையிலையும் அம்புக்குறி கீறினனான். சட்டத்திலை நேராய் வைக்கிறதுக்கு."

அக்கா எழும்பி வெளியாலை போனா. நான் பின்னாலை ஓடினன். நேரை கார் நிண்ட இடத்துக்குப் போய், ஒவ்வொரு சில்லாய்க் குனிஞ்சு பாத்தா.

"உம்மை விழுத்தின தேசிக்காய்க்கு இன்னும் மூண்டு சகோதரம் இருக்கு," எண்டா. "சில்லுக்கு ஒண்டு."

"புது வாகனத்துக்கு அப்பிடித்தான் அக்கா. சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு ஏத்தி நசிச்சுத்தான் ரோட்டிலை இறக்கிறது. என்ரை ஓட்டோவுக்கும் செய்தனாங்கள்."

"இது புதுக் காரோ?"

நான் காரைப் பாத்தன். கதவிலை ரண்டு இடத்திலை கறள் பிடிச்சிருக்கு. பின் பம்பரைக் கயித்தாலை கட்டியிருக்கு. "இல்லை. புதுசாய் இருக்கேக்கை செய்ய மறந்திருப்பினம்."

அக்கா சிரிக்கேல்லை. "காப்புறுதியிலை நான் படிச்ச ஒரே பாடம் இதுதான், செந்தூரன். கடை எரிஞ்சால் நான் முதலாளியைக் கேள்வி கேக்கிறேல்லை. சாமிப்படம் எங்கை எண்டு பாப்பன். எரியிறதுக்கு முதல் நாளே படம் வீட்டை போயிருந்தால் அலுவல் முடிஞ்சுது. மனிசர் எனக்குச் சொல்லாததைச் சாமிக்குச் சொல்லுவினம். இந்த வெய்யிலுக்கை அவர் ஏன் முழுக்கைச் சேட்டு?"

"படிச்ச ஆக்கள் அப்பிடித்தான் போடுவினம்."

"சேட்டுக் கைக்குள்ளை கறுப்புக் கயிறு கட்டியிருக்கு. பேனையை எடுக்கேக்கை கண்டன். உம்மடை ஓட்டோவிலை ஏறுற சனம், செய்வினை வெட்ட எங்கை போறது?"

"உடுவில். தம்பிஐயா." சொல்லிப் போட்டுத்தான் எனக்கு விளங்கிச்சு. "அப்ப டொக்டருக்கு ஆரோ செய்வினை செய்து போட்டினம்."

"அப்பிடித்தான் அவரும் நினைச்சிருக்கிறார். ஓட்டோவை எடும்."

உடுவிலிலை தம்பிஐயா வீட்டு வாசல் தனியார் ஆஸ்பத்திரி மாதிரி. பிளாஸ்ரிக் கதிரை அடுக்கியிருக்கு, குடிக்கத் தண்ணி, கூரையிலை சோலார். ஆள் ஒல்லி, நெத்தி நிறையத் திருநீறு, கண்ணுக்குக் கீழை கருவளையம். எங்களைக் கண்ட உடனை ஆற்றை சாதகம் எண்டு கேட்டார்.

"சாதகம் இல்லை, ஐயா," எண்டா அக்கா. "சனிக்கிழமை ஒரு படிச்ச மனிசன் காரிலை வந்து ஒரு செம்புத் தகடு தந்தவர். சிவத்தப் பட்டுத் துணியிலை சுத்தினது."

"என்னட்டை வாற ஆக்களின்ரை விசயத்தை நான் வெளியிலை விடுறேல்லை."

"நல்லது. நீங்களே புதைச்சு நீங்களே கிண்டி எடுக்கிற தகடுகளைப் பற்றி நானும் வெளியிலை விடுறேல்லை."

தம்பிஐயா அக்காவைப் பாத்தார், என்னைப் பாத்தார், பிறகு கதவைச் சாத்திப்போட்டு வந்து கதிரையிலை தொப்பெண்டு இருந்தார்.

"பிள்ளை, என்ரை கையெழுத்து எனக்குத் தெரியும். மற்ற ஆக்கள் எழுதிற தகடும் தெரியும். மட்டக்களப்புப் பக்கத்துத் தகடும் பாத்திருக்கிறன். உது ஒருதற்றையும் இல்லை." குரல் இறங்கிப் போச்சு. "பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தன். கடுகிலை பாதியளவு வளையம். ஆயிரக்கணக்கிலை. ஒரு வளையம் மற்றதை விடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. மனிசன் எழுதினால் ஒரு இடத்திலையெண்டாலும் கை நடுங்கும். நாலு மூலையிலையும் சூலம் வேறை. உதை எழுதினவன் சின்ன ஆளில்லை."

"எழுதினது ஒரு பொம்பிளைப் பிள்ளை," எண்டன் நான்.

"அப்ப நான் தொழிலை விடுறன்."

"அவர் எங்கை எடுத்ததாம்?" அக்கா கேட்டா.

"கார்ப் பின்சீற்றுக்குக் கீழையாம். கார்ச் சில்லுக்குக் கீழை தேசிக்காய் நசிக்கச் சொன்னன், கையிலை கயிறு கட்டி விட்டன். எல்லாருக்கும் செய்யிறதுதான். தகட்டுக்கு நடுவிலை ஆணி அறைஞ்சு கீரிமலைக் கடலிலை போடுறன் எண்டு வாங்கினன். ஆணி அறைஞ்சன். பிறகு எனக்குக் கொண்டு போகப் பயமாப் போச்சு. கோழிக்கூட்டுக்கு மேலை வைச்சிருக்கு. அண்டையிலையிருந்து கோழி முட்டையிடேல்லை. நானும் நித்திரை கொள்ளேல்லை."

"இவ்வளவு காலமாய்ச் செய்யிறியள். உங்களுக்கு ஏன் பயம்?"

"இவ்வளவு காலமும் ஒண்டும் உண்மையாய் இருந்ததில்லையே, தம்பி," எண்டார் தம்பிஐயா. பாவமாயிருந்தது.

கோழிக்கூட்டிலையிருந்து தடியாலை தட்டி விழுத்தித் தந்தார், கையாலை தொடேல்லை. செம்புத் தகடு, சிவத்தப் பட்டுத் துணி, நடுவிலை ஆணி போன ஓட்டை. அக்கா துணியோடை எடுத்துக் கைப்பைக்குள்ளை வைச்சா. பையைக் காலுக்குக் கீழை வையுங்கோ எண்டு நான் சொன்னன். எனக்கு இதிலையெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் ஓட்டோவுக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சு.

திரும்பி வரேக்கை கொழும்புக் குழுவின்ரை வான் முற்றத்திலை நிண்டுது. டொக்டர் தன்ரை அறையிலை கழுத்திலை ரை கட்டிக்கொண்டு நிண்டார். அக்கா துணியை மேசையிலை வைச்சு விரிச்சா.

மனிசன் பின்னாலை பாய்ஞ்ச பாய்ச்சலிலை கதிரை விழுந்தது. "உதை ஏன் திருப்பி இஞ்சை கொண்டு வந்தனீங்கள்? உது கடலுக்குப் போனதெல்லோ."

"உதுதான் நீங்கள் எங்களைத் தேடச் சொன்ன தகடு, டொக்டர்."

கதவடியிலை கீர்த்திகா நிண்டா. எப்ப வந்தவ எண்டு தெரியாது. மேசையைப் பாத்து, "என்ரை தகடு," எண்டா. பிறகு ஓட்டையைப் பாத்தா.

டொக்டர் தகட்டைப் பாத்தார். பிள்ளையைப் பாத்தார். திரும்பவும் தகட்டைப் பாத்தார். தன்ரை நிலையத்திலை இவ்வளவு காலமும் இருந்த சாமானை மனிசன் அண்டைக்குத்தான் முதல் முதலாய் அறிஞ்சு பாக்குது. விழுந்த கதிரையை நிமித்தி அதிலை மெல்ல இருந்தார்.

"காரிலை தகடு இல்லை எண்டு நீங்கள் சொன்னது உண்மை," எண்டா அக்கா. "நீங்கள் கண்டது தகடில்லை, செய்வினை. பிள்ளை நித்திரையிலை மடியாலை விழுத்திப் போட்டுது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கு. உங்கடை காரிலை எத்தினையோ பேர் ஏறி இறங்குகினம். செய்வினைத் தகடு எண்டு கண்ட உடனை, கீர்த்திகாதான் வைச்சது எண்டு ஏன் நினைச்சனீங்கள்? ஒருதருக்கு ஒண்டும் செய்யாதவனுக்கு அப்பிடி ஒரு பேர் உடனை வராதே."

டொக்டர் கழுத்து ரையை இழுத்துத் தளத்தினார்.

"மெசினைப் பற்றின கட்டுரையிலை அவவின்ரை பேரை எடுத்திட்டன்," எண்டார் டொக்டர். மேசையைப் பாத்துத்தான் சொன்னார். "போன மாசம். என்ரை பேரிலை மட்டும் கொழும்புக் குழுவுக்கு அனுப்பினன். அவவுக்குத் தெரிஞ்சிட்டுது, அதுதான் செய்வினை எண்டு நினைச்சன். அவ இஞ்சை இருக்கிற மட்டும் எனக்கு நல்லாய் இராது எண்டு பயந்தன். தகடு காணேல்லை எண்டதும், அவவை வீட்டை அனுப்புறதுக்கு ஒரு சாட்டுக் கிடைச்சுது."

எனக்கு ஆத்திரத்திலை காது சூடாகிச்சு.

"எனக்குத் தெரியாது, சேர்," எண்டா கீர்த்திகா. அழேல்லை. "இப்பதான் தெரியும். கள்ளி எண்டதைப் பொறுத்தன், தகடு என்ரை பொறுப்புத்தானே எண்டு. பேரை எடுத்ததைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் இருந்து அழுதிருப்பன். ஆனால் நீங்கள் என்னைப் பாத்துப் பயந்தனீங்கள். நான் உங்களுக்கு அப்பிடிச் செய்வன் எண்டு நினைச்சனீங்கள். அதுதான் எனக்குச் சுடுது."

தகட்டை எடுத்துத் துணியிலை சுத்திக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனா.

ஓட்டையோடை அது வேலை செய்யுமோ எண்டு நான் பின்னாலை போய்க் கேட்டன். முதல்லை நடுவைத்தான் அலைக்கு நேரை பிடிச்சா. திரையிலை கோடு தாறுமாறாய்ப் பாய்ஞ்சுது. ஆணி போன வழியாலை எல்லா அலையும் புகுந்திட்டுதாம். பிள்ளை சட்டத்தைக் கழட்டித் தகட்டை ஒரு பக்கமாய்த் தள்ளிப் பூட்டினா. அலை இப்ப நடுவிலை படேல்லை, மூலைப் பக்கம் பட்டுது.

"எல்லா வளையமும் ஒண்டு, அண்ணை. எந்தப் பக்கத்தைப் பிடிச்சாலும் அதே அலையைத்தான் விடும். கொஞ்ச வளையம் போனதுக்கு மிச்சம் வேலையை விடாது."

குழு உள்ளுக்கை வந்தது. தலைவி உதயகலா எண்டு ஒரு அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியிலை விட்டுப் பாக்கிற ஆள். கீர்த்திகா காஞ்ச சிப்பத்தை வைச்சா, திரையிலை கோடு நிமிர்ந்து நிண்டுது. ஈரச் சிப்பத்தை வைச்சா, கோடு படுத்துது. நானே ஒரு சிப்பத்துக்குள்ளை ஈரத்துணியை ஒளிச்சுக் குடுத்துப் பாத்தன், அதையும் பிடிச்சுது. டொக்டர் சுவரோடை ஒட்டிக்கொண்டு நிண்டார். சேட்டுக் கையை மடிச்சு விட்டிருந்தார். கறுப்புக் கயிறு எல்லாருக்கும் தெரிஞ்சுது.

உதயகலா அம்மா தகட்டுக்குக் கிட்டக் குனிஞ்சா. "வளையம் விளங்குது. நடுவிலை இந்தப் பெரிய ஓட்டை என்னத்துக்கு? ஆற்றை யோசினை?"

கீர்த்திகா டொக்டரைத் திரும்பிப் பாத்தா, அவ்வளவுதான். பிள்ளை விரும்பியிருந்தால் அந்த இடத்திலை மனிசனை உரிச்சுத் தொங்க விட்டிருக்கலாம். நானெண்டால் விட்டிருப்பன். அக்கா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா, நான் வாயைத் திறந்திடுவன் எண்ட பயத்திலை.

டொக்டர் சுவரை விட்டு முன்னாலை வந்தார்.

"தகடு, மெசின், நான் உங்களுக்கு அனுப்பின கட்டுரை, எல்லாம் இந்தப் பிள்ளையின்ரை," எண்டார். "அந்த ஓட்டை மட்டும்தான் என்ரை."